தவணை கட்ட முடியவில்லையா? 90 நாளுக்குள் வங்கிப் படியேறுங்கள்!

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே, தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். மாலை நாலரை மணிக்குப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தார் அந்தப் பெண். வயது 38. மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மாமியாரும் உடன் இருக்கிறார். கணவர் 2023 ஆகஸ்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். அதன்பிறகு 2 ஏக்கர் 40 சென்ட் நிலமும், இரண்டு கறவை மாடுகளும், கடன்களும் அவர் ஒருவர் தலையில்.

“பேரு போட வேணாங்க. ஆனா என்னை மாதிரி இருக்கறவங்களுக்கு உதவும்னா முழுசாச் சொல்றேன்” என்றபடி திண்ணையில் அமர்ந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். மகளின் பழைய கணக்கு நோட்டு. அதன் பின்பக்கங்களில்தான் இந்தக் குடும்பத்தின் கடன் கணக்கு இருக்கிறது.

கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ, தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு விவசாயம் செய்யும் பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் இவர்களில் பலர் செய்வது ஒன்றுதான்: வங்கி இருக்கும் தெருவையே தவிர்ப்பது, வேறு இடத்தில் கடன் வாங்கி இந்தத் தவணையைக் கட்டுவது. இவரும் அதைத்தான் முதலில் செய்தார். பிறகு எப்படித் திரும்பி வந்தார் என்பதில் பலருக்கும் பயன் உண்டு.

கடன் எப்படிக் கூடியது?

2022 செப்டம்பரில் கணவனும் மனைவியும் சேர்ந்து கறவை மாட்டுக் கடன் வாங்கினார்கள். தொகை ரூ.1,20,000. இரண்டு மாடுகள். 60 மாதத் தவணை, மாதம் ரூ.2,580. அதுபோக, கணவர் பெயரில் உழவர் கடன் அட்டையில் ரூ.1,10,000 பயிர்க்கடன்.

கணவர் இறந்த பிறகு சில மாதங்கள் கைக்காசைப் போட்டுச் சமாளித்தார். மாட்டுக் கடன் தவணை பாக்கி விழுந்ததும், 2024 மார்ச்சில் வீடு தேடி வந்த நுண்கடன் நிறுவனம் ஒன்றில் ரூ.40,000 வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மாதத் தவணை ரூ.2,115. அதே ஆண்டு ஜூனில், கணவரின் பயிர்க்கடனைத் தன் பெயருக்குப் புதுப்பிக்க வட்டியும் பாக்கியும் கட்ட வேண்டியிருந்தது. அதற்காக இன்னொரு நிறுவனத்தில் மேலும் ரூ.40,000. இன்னொரு ரூ.2,115.

“பேங்குக் கடனைக் கட்டத்தான் வாங்கினேன். ஆனா கடைசில என்னாச்சு? இவங்க வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க. அதனால இவங்களுக்கு மொதல்ல கட்டினேன். பேங்குல சத்தம் போடறதில்ல. அதனால பேங்கை விட்டுட்டேன்.”

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, டிசம்பர் 2-ம் தேதி தென்பெண்ணை கரைபுரண்டது. கதிர் வரும் பருவத்தில் இருந்த சம்பா நெல் மணலுக்கு அடியில் போய்விட்டது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு ரூ.17,000 என அரசு அறிவித்த நிவாரணத்தில் இவருக்குச் சுமார் ரூ.16,500 கிடைத்தது. வயலில் படிந்த மணலை அள்ளவே அது சரியாகப் போயிற்று.

டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் மாட்டுக் கடன் தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து கடிதம் வந்தது. “பிரிக்காம சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சேன். மகதான் எடுத்துப் படிச்சா.”

ஒரு தாள் கணக்கு

திருப்புமுனையாக அமைந்தது அந்தப் பகுதி உதவி வேளாண் அலுவலரின் ஒரு கேள்வி. மணல் படிந்த வயலைப் பார்க்க வந்தவர், “மாசம் எவ்வளவும்மா உங்களால கட்ட முடியும்?” என்று கேட்டார். இவரிடம் பதில் இல்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது தெரியும். எவ்வளவு கட்ட முடியும் என்று ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. அன்று இரவு மகளுடன் அமர்ந்து எழுதிய கணக்கு இதுதான்.

ஓர் ஆண்டு வரவு: பாலில் தீவனச் செலவு போக ரூ.41,000 (ஒரு மாடு கறவையில் இருக்கும்போது மற்றது சினையில் இருக்கும்). மகளிர் உரிமைத்தொகை ரூ.12,000. கூலி வேலை ரூ.33,000. வெள்ளம் இல்லாத ஆண்டில் இரண்டு போகமும் சேர்த்துச் செலவு போக நெல்லில் ரூ.45,000. மொத்தம் ரூ.1,31,000.

ஓர் ஆண்டு குடும்பச் செலவு: சாப்பாடு, பள்ளி, மாமியாரின் மருந்து, மின்சாரம், நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து ரூ.85,000.

மிச்சம் ரூ.46,000. கடன் கட்ட இருப்பது இவ்வளவுதான். ஆனால் மாட்டுக் கடனும் இரண்டு நுண்கடன்களும் சேர்ந்து ஆண்டுக்குக் கேட்டது ரூ.81,720. பயிர்க்கடன் தனி.

“அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நான் சோம்பேறியும் இல்ல, ஏமாத்துக்காரியும் இல்ல. கணக்கே அப்படி. யாரு வந்தாலும் இதைக் கட்ட முடியாது.”

இந்தத் தாள்தான் பின்னால் வங்கியில் பேசியது. கடனில் சிக்கிய எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. வரவைக் கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது. நல்ல விளைச்சல் ஆண்டை மட்டும் பார்த்து வாக்குக் கொடுத்தால், அடுத்த ஆண்டே மறுபடி பாக்கி விழும்.

90 நாள் ஏன் முக்கியம்?

மாதத் தவணைக் கடனில் ஒரு தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், வங்கி அதை வாராக்கடன் பட்டியலில் சேர்த்துவிடும். கறவை மாட்டுக் கடனும் இந்தக் கணக்கில்தான் வரும். பயிர்க்கடனுக்குக் கெடு வேறு. குறுகிய காலப் பயிருக்கு, கட்ட வேண்டிய தேதிக்குப் பிறகு இரண்டு பயிர்ப் பருவங்கள். நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம்.

வாராக்கடன் ஆவதற்கு முன்பு போனால் தவணைக் காலத்தை நீட்டிக்கவும், தொகையைக் குறைக்கவும் கிளை மேலாளருக்கு வழிகள் அதிகம். ஆன பிறகு போனால் புதுக் கடன் கிடைப்பது கடினம். சிபில் பதிவிலும் கறை விழும். கடன் அதேதான், ஆளும் அதேதான். எந்த நாளில் போகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இவருடைய டிசம்பர் தவணைத் தேதி 5. அதாவது மார்ச் 5-ம் தேதி 90-வது நாள். பிப்ரவரி 10-ம் தேதி வங்கிக்குப் போனார். மேலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை போனபோது, “முதல்ல பாக்கியைக் கட்டுங்க, அப்புறம் பார்ப்போம்” என்ற பதில். மூன்றாம் முறை மனு எழுதி எடுத்துப் போனார். மனுவோடு கணக்குத் தாள், கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பயிர்ச் சேதம் குறித்து வருவாய்த் துறையும் வேளாண் துறையும் எடுத்த கணக்கின் விவரம், அடங்கல், சொசைட்டியின் பால் பட்டியல். மனுவின் நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொன்னார்.

“அந்த சீல் விழுந்ததுக்கு அப்புறம் பேச்சே மாறிடுச்சு. உக்காருங்கம்மான்னு சொன்னாங்க.”

வாய்வார்த்தையாகக் கேட்பது கெஞ்சல். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினால் அது விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன மாற்றம் கிடைத்தது?

மூன்று வாரங்களில் ஐந்து முறை நடந்த பிறகு, மார்ச் 3-ம் தேதி முடிவு வந்தது. மாட்டுக் கடனில் பாக்கியும் சேர்த்து நின்ற ரூ.77,000 மீண்டும் 60 மாதத் தவணையாக மாற்றப்பட்டது. மாதம் ரூ.2,580 கட்டியது ரூ.1,655 ஆகக் குறைந்தது.

பயிர்க்கடன் விஷயத்தில் இயற்கைப் பேரிடருக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கைகொடுத்தது. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பேரிடர் நாளில் நிலுவை இல்லாமல் இருந்த பயிர்க்கடனைச் சில ஆண்டுத் தவணைக் கடனாக மாற்ற இடம் உண்டு. முதல் ஓராண்டுக்காவது தவணை கட்ட வேண்டியதில்லை. மாற்றப்பட்ட பிறகு அடுத்த பருவத்துக்குப் புதுப் பயிர்க்கடனும் கேட்கலாம். இவருடைய ரூ.1,10,000, ஓராண்டு இடைவெளி விட்டு நான்கு ஆண்டுத் தவணையாக மாறியது.

மிச்சம் இருந்தவை இரண்டு நுண்கடன்கள். அதற்கு இவர் வீட்டிலேயே வழி தேடினார். பண்ணையில் பிறந்து வளர்ந்த ஒரு கிடேரியை ரூ.27,000-க்கு விற்று, மார்ச்சில் வாங்கிய நுண்கடனின் மீதி ரூ.24,000-ஐ ஒரே தவணையில் முடித்தார். 24 சதவீத வட்டி ஓடும் கடனை முதலில் ஒழித்தது சரியான முடிவு. கடனில் வாங்கிய மாடு வங்கியின் பொறுப்பில் இருப்பது. வங்கியின் சம்மதம் இல்லாமல் அதை விற்றால் வழக்கே வரலாம். அதனால்தான் கிடேரியை விற்றார்.

இப்போதைய கணக்கு: மாட்டுக் கடன் ஆண்டுக்கு ரூ.19,860. மீதமுள்ள ஒரு நுண்கடன் ரூ.25,380. மொத்தம் ரூ.45,240. கையில் இருப்பது ரூ.46,000. மிச்சம் ரூ.760.

இதில் இனிப்பு மட்டும் இல்லை. தவணைக் காலம் நீண்டதால் மாட்டுக் கடனில் மட்டும் சுமார் ரூ.11,600 கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பயிர்க்கடன் தவணை தொடங்கும் ஆண்டில் கணக்கில் சுமார் ரூ.22,000 துண்டு விழுகிறது. அதற்காக இப்போதே வரப்போரம் பத்து சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் புல் நட்டிருக்கிறார். அடர்தீவனச் செலவு குறைய வேண்டும். சினை மாடு கன்று போட்டுப் பால் கூட வேண்டும். நுண்கடன் முடிந்ததும் அந்த ரூ.2,115 பயிர்க்கடனுக்குத் திரும்பும்.

“ஒடனே நிம்மதி வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தூங்கறேன்” என்றார்.

கையெழுத்துப் போடும் முன்...

இவர் வருந்தும் விஷயம் ஒன்று உண்டு. கணவர் வாங்கிய பயிர்க்கடனை 2024 ஜூனில் தன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்திட்டபோது, அதன் பொருள் அவருக்குத் தெரியாது.

இறந்தவர் தனியாக வாங்கிய கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவரிடமிருந்து தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவு இதைச் சொல்கிறது. வாரிசு சொந்தமாகச் சம்பாதித்ததிலோ, தாய்வீட்டு நகையிலோ அந்தக் கடனுக்காகக் கைவைக்க முடியாது. ஆனால் புதுப் பத்திரத்தில் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தன் சொந்தக் கடன். இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ முன்பே கையெழுத்திட்டவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

தொடர்ந்து சாகுபடி செய்யவும் புதுப் பயிர்க்கடன் வாங்கவும் பெயர் மாற்றிக்கொள்வது தேவையாக இருக்கலாம். தெரிந்து போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

நிலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. உயில் எழுதாமல் கணவர் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்த நிலத்தில் மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், கணவரின் தாய்க்கும் சம பங்கு. இவர் வீட்டில் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. பிள்ளைகள் மைனராக இருந்தால், அவர்கள் பங்கைத் தாய் அடமானம் வைக்கவோ விற்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். இது தெரியாமல் பிள்ளைகள் பங்கையும் சேர்த்துக் கடனுக்கு எழுதிக் கொடுத்தால் பின்னாளில் வம்பு. அடமானம் இல்லாத விவசாயக் கடனுக்கான உச்சவரம்பு 2025 ஜனவரி முதல் ரூ.2 லட்சம். அதற்குள் உள்ள கடனுக்கு நிலப் பத்திரத்தை ஈடாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பட்டாவைக் காலத்தில் மாற்றாததால் இவர் இழந்தது பி.எம்.கிசான் உதவித்தொகை, ஆண்டுக்கு ரூ.6,000. கணவர் பெயரில் வந்துகொண்டிருந்தது நின்றுபோனது. இப்போதுதான் பெயர் மாற்ற மனு கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றையும் நோட்டைப் புரட்டியபடி சொன்னார். கணவரின் சேமிப்புக் கணக்கில் 2022-ல் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ரூ.436 பிடித்திருக்கிறார்கள். 2023 மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இல்லை. பிரீமியம் போகவில்லை. ஆகஸ்டில் அவர் இறந்தார். இருந்திருந்தால் ரூ.2 லட்சம் வந்திருக்கும். “நானூத்தி முப்பத்தாறு ரூபா” என்று சொல்லி நோட்டை மூடினார். இப்போது ஒவ்வொரு மே மாதமும் தன் கணக்கில் ஜீவன் ஜோதிக்கு ரூ.436, விபத்துக் காப்பீட்டுக்கு ரூ.20, ஆக ரூ.456 இருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

மிரட்டினால் என்ன செய்வது?

கடன் கட்டாதது குற்றம் அல்ல. அது உரிமையியல் விவகாரம். “போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவாய்” என்று யாராவது சொன்னால் நடுங்க வேண்டாம். பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பினால் குற்ற வழக்கு வரும். அதனால் நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள்.

வங்கியின் சார்பில் கடன் வசூலிக்க வரும் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. அவமானப்படுத்துவதும், உறவினரிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லி மானத்தை வாங்குவதும் ரிசர்வ் வங்கி தடை செய்தவை. தவணை தவறியதற்கு அபராதம் போடலாம். அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது.

நுண்கடனுக்கும் வரம்பு உண்டு. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன்களின் தவணையும் போகக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. இவருடைய மாத வருமானம் சராசரி ரூ.10,900. பாதி ரூ.5,450. மாட்டுக் கடனும் முதல் நுண்கடனும் சேர்ந்தபோதே ரூ.4,695. இரண்டாவது நுண்கடனோடு அது ரூ.6,810. வருமானத்தைச் சரியாகக் கேட்டு எழுதியிருந்தால் அந்த இரண்டாவது கடனே கொடுத்திருக்க முடியாது. கடன் தருபவர் படிவத்தில் உங்கள் வருமானத்தை என்ன என்று எழுதுகிறார் என்பதைப் பாருங்கள்.

புகார் என்றால் முதலில் அந்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. உதவி எண் 14448.

நிலம் ஏலம் போய்விடுமா?

நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதற்காக நிலத்துக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வங்கி உரிமையியல் வழக்குப் போடலாம். நீதிமன்றத்திலிருந்து வரும் எந்தக் காகிதத்தையும் பிரிக்காமல் வைத்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு ஆகிவிடும்.

வழக்கறிஞர் வைக்கக் காசு இல்லையே என்ற கவலை பெண்களுக்கு வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் அந்தந்த ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தொலைபேசி 15100. மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு சமரசம் பேசி முடிக்கவும் இவர்கள் வழிகாட்டுவார்கள். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

வாராக்கடன் ஆகிவிட்ட பிறகு, ஒரே தவணையில் தள்ளுபடியோடு முடித்துக்கொள்ள வங்கி முன்வரலாம். தொகையும் கெடுவும் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். இப்படி முடித்த கடன், சிபிலில் முழுதாகக் கட்டிய கடனாகப் பதிவாகாது; பின்னால் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். கடன் முழுவதும் தீர்ந்ததும் 30 நாட்களுக்குள் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

“எல்லாரும் சொன்னாங்க, தேர்தல் வந்தா தள்ளுபடி வரும், கட்டாதேன்னு.” 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது ரூ.12,110 கோடி, பயன்பெற்றவர்கள் 16.43 லட்சம் விவசாயிகள். ஆனால் அது கூட்டுறவு வங்கிகளில் வாங்கிய பயிர்க்கடனுக்கு மட்டும். தேசியமய வங்கியின் பயிர்க்கடனோ, மாட்டுக் கடனோ, நுண்கடனோ அதில் வரவில்லை. வருமோ வராதோ என்ற தள்ளுபடியை நம்பி இருந்தால், காலத்தில் கட்டுபவருக்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையும் போய்விடும். ரூ.3 லட்சம் வரையான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். குறித்த நாளில் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை.

களப்பணியாளர்கள் கவனத்துக்கு

வேளாண், கால்நடை, மகளிர் திட்டப் பணியாளர்கள் ஒரு வீட்டுக்குப் போகும்போது பயிரையும் மாட்டையும் பார்ப்பதோடு, அந்தக் கணக்குத் தாளை எழுதவும் அரை மணி நேரம் உதவலாம். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் உண்மையில் சாகுபடி செய்யும் பெண்ணின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால் நிவாரணம், காப்பீடு, கடன் மாற்றம் எல்லாமே அங்கேயே முட்டி நிற்கும்.

ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் உள்ள கிராமத்துக் குடும்பங்களில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 ஆதரவுத்தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். கடன் பேச்சில் பிள்ளைகளின் படிப்புதான் முதலில் பலியாகும். இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு வந்தாலே அது பெரிய உதவி.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கடனைக் கட்டக் கடன் வாங்காதீர்கள். முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததும் வங்கிக்குப் போங்கள்.

2. வரவு, குடும்பச் செலவு, கட்ட முடிந்த தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

3. மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

4. யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்று பார்க்காமல், எதில் வட்டி அதிகம் என்று பார்த்து முடியுங்கள்.

5. இறந்தவரின் கடனுக்கு, விவரம் கேட்காமல் புதுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. வாரிசுச் சான்றையும் பட்டா மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

7. மே மாதக் கடைசியில் சேமிப்புக் கணக்கில் ரூ.456 இருக்கட்டும்.

கிளம்பும்போது மகள் பள்ளியிலிருந்து வந்தாள். புத்தகப் பையைப் போட்டுவிட்டு, அன்றைய பால் சீட்டை வாங்கி நோட்டில் எழுதினாள். காலை 4 லிட்டர் 200 மில்லி, மாலை 3 லிட்டர் 900. கூட்டிப் பார்த்துவிட்டு, “நேத்தைவிட நூறு மில்லி கூடம்மா” என்றாள்.

சாமி படத்துக்குப் பின்னால் இப்போது கடிதம் எதுவும் இல்லை. மனு நகலும் தவணை ரசீதுகளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் இருக்கின்றன. அடுத்த தவணை 5-ம் தேதி. அதற்கான ரூ.1,655 தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது.